சிரித்த முகங்களின் நாடு

ஏழு குன்றுகளுக்கு அப்பால் எழிற்புரி என்றொரு நாடு இருந்தது. மகுடேசர் அதை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆண்டுவந்தார். அவர் ஆட்சி தளரவில்லை, கன்னங்கள் தளர்ந்துவிட்டன.

அரண்மனை வைத்தியர் தைரியம் சொன்னார். “கத்தியே வேண்டாம், மகாராஜா. மெல்லிய நூலை ஊசியில் கோத்துத் தோலுக்கடியில் விட்டு, காதோரம் இழுத்து முடிச்சுப் போட்டால் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடலாம்.”

அப்படியே நடந்தது. கன்னங்களோடு உதட்டோரங்களும் மேலே போனதால், அரசருக்கு நிரந்தரமாக ஒரு புன்னகை கிடைத்தது.

மந்திரி சபாரத்தினம் அடுத்த நாளே ஓர் ஆணையோடு வந்தார். “மன்னர் முகம் பொலிந்திருக்கையில் குடிகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பது ராஜநிந்தனை.”

முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் நூல் ஏற்றினார்கள். மென்று தின்றால் நூல் தளரும் என்று வைத்தியர் எச்சரித்ததால், அரிசி நிறுத்தப்பட்டுக் கஞ்சி மட்டும் வழங்கப்பட்டது. பிறகு, மனுக்களைப் படிப்பது வீண்வேலை, மனு கொண்டுவருபவரின் முகத்தைப் பார்த்தாலே போதும் என்று மூன்றாவது ஆணை வந்தது.

கல்மேட்டில் கல் உடைக்கும் குருவம்மாள் என்பவள் அந்தச் சமயத்தில்தான் குறைகேட்பு அதிகாரியிடம் வந்தாள்.

“என் புருசன் செத்து மூணு நாளாச்சுங்கய்யா. ஊர்க் கெணத்துத் தண்ணி நாறுது. அதைக் குடிச்சு இதுவரைக்கும் ஒன்பது பேரு போயிட்டாங்க.”

அதிகாரி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். “துக்கம் என்கிறாய். முகத்தில் காணோமே.”

“நூலு இழுத்துக் கட்டியிருக்குங்க. ஒப்பாரி வைக்கக்கூட வாயைக் கோண முடியல.”

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதிகாரி ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று எழுதிக்கொண்டார்.

குருவம்மாளுக்குப் பின்னால் கல்மேட்டிலிருந்து இன்னும் நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேரும் அழுதார்கள். நாட்டிலேயே மிகவும் மகிழ்ச்சியான ஊர் கல்மேடுதான் என்று அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. ஊராரின் நன்றியை நேரில் பெற்றுக்கொள்ள அரசரே புறப்பட்டார்.

சந்தைத்திடலில் மேடை போட்டிருந்தார்கள். அரசர் பேசத் தொடங்கியதும் கூட்டம் மெல்ல முன்னால் நகர்ந்தது. யாரும் கூச்சலிடவில்லை. ஆளுக்கொரு கல்லுடைக்கும் சுத்தியல் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் குருவம்மாள் வந்தாள்.

இளங்காவலன் ஒருவன் தயங்கினான். “சுத்தியலோட வர்றாங்களே, தடுக்கலாமாண்ணே?”

“முகத்தைப் பாருடா. எவ்வளவு சந்தோஷமா வர்றாங்க!” என்றான் காவல்தலைவன்.

அரசருக்கு மட்டும் அவர்களுடைய கண்கள் தெரிந்தன. கத்த நினைத்தார், நா எழவில்லை. காவல்தலைவன் உத்தரவுக்காக அவர் பக்கம் திரும்பினான்.

அரசர் சிரித்துக்கொண்டிருந்தார்.

காவலர்கள் விலகி வழிவிட்டார்கள்.