இன்னும் ஒரு அரைச்சுத்து

கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர்கள் உலகத்தில் உண்டு, அவர்களால் தொல்லையில்லை. இங்கே சொல்லவருவது, சரியாக இருப்பதைச் சரிசெய்கிற இனத்தைப் பற்றி.

இந்த இனத்தில் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பாருங்கள். வாரம் முழுக்க “இது தெளிவா, அது தெளிவா?” என்று ஊரார் கண்ணைச் சோதிப்பவர், ஞாயிறானால் முழ நீள ரிமோட் பந்தயக் காரைத் தூக்கிக்கொண்டு, மேடும் பள்ளமுமாய் மண் குவித்த ஓடுதளத்துக்குக் கிளம்பிவிடுவார். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன மைத்துனரோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

அவர் கவலையெல்லாம் வண்டியின் பின்பக்கம். மேட்டில் தாவி இறங்கும்போது வால் உதைக்கிறதாம். பின்சக்கரங்களுக்கு ஆளுக்கொரு ஷாக் அப்சார்பர். அதன் ஸ்பிரிங்கைத் தாங்க ஒரு வளையம். வளையத்தை இறுக்கினால் வால் தூக்கும், தளர்த்தினால் தாழும். அவ்வளவுதான் சங்கதி. அவரோ ஸ்பிரிங்கை மாற்றி, உள்ளே இருக்கும் எண்ணெயை மாற்றி, புது எண்ணெய்க்குப் பழைய ஸ்பிரிங்தான் பொருத்தம் என்று கண்டு அதையும் மாற்றி, மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நிலம் வாங்க வந்தவர் போல இரண்டடி தள்ளி நின்று பார்த்து, கடைசியில் தீர்ப்பு சொல்வார்: “இன்னும் ஒரு அரைச்சுத்து.” ஸ்பேனர் என்றால் ஒளித்துவைத்துவிடலாம்; வளையத்தைத் திருக விரலே போதும். விரலை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது?

ஓடுதளத்தில் அவர் பெயரே அரைச்சுத்து. போன வாரம் வரை, ஆறு வருடத்தில் ஒருமுறைகூட இறுதிப் பந்தயத்துக்குத் தேறியதில்லை. அதுதான் நெஞ்சில் முள்.

போன ஞாயிறு அவர் மனைவியும் ஓடுதளத்துக்கு வந்து, வண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தையல் வேலை பார்க்கிறவர். நன்றாகத் தைக்கிற மெஷினின் திருகைத் தொடக்கூடாது என்று தெரிந்தவர். தகுதிச்சுற்றுக்குப் பேர் கூப்பிடும்வரை தரவில்லை. விளைவு? மூன்றாவது இடம். இறுதிப் பந்தயம். எப்போதும் ஜெயிக்கும் பல் டாக்டரே வந்து கைகொடுத்தார்.

சந்தோஷம் வர வேண்டும் அல்லவா? அரைச்சுத்துக்குச் சந்தேகம் வந்தது. ஒன்றுமே செய்யாமல் மூன்றாவது என்றால், ஏதாவது செய்தால்?

பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டார். வண்டியை மேஜையில் வைத்து ஒரு கண்ணை மூடினார். முகம் வெளுத்தது.

“வால் தூக்கிடுச்சு.”

“பேட்டரி எங்கங்க?” என்றார் மனைவி.

“சார்ஜ்ல இருக்கு. பேச்ச மாத்தாத.”

வண்டியிலேயே கனமான சாமான் பேட்டரிதான். பாரம் இறக்கினால் வண்டி நிமிரும் என்பது பள்ளிக்கூடமே பார்க்காதவருக்கும் தெரியும். இவரோ கையேட்டை மூன்று தடவை படித்தவர். இரண்டு பக்கமும் அரைச்சுத்து தளர்த்தினார். போதவில்லை. இன்னொரு அரை. இன்னொன்று.

பேட்டரியைச் செருகியதும் வண்டி முட்டையிடப்போகும் கோழி போலப் பின்னால் குந்தியது. அதைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்? ரிமோட்டோடு, ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறிவிட்டார். ஹாரன் அடித்தது. முதல் மேட்டிலேயே வயிறு தட்டி, துள்ளி, மல்லாந்தது வண்டி. நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுழல, மற்ற ஒன்பது வண்டிகளும் மரியாதையாக விலகிப் போயின.

இறங்கிவந்தார். மனைவி வண்டியின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஆறு வருஷம் காத்திருந்து கோட்டை விட்டுட்டீங்களே.”

“விட்டது விட்டதுதான். ஆனா ஏன் விட்டேன்னு கண்டுபிடிச்சிட்டேன்.” குரலில் நிறைவு. “எண்ணெய் ரொம்ப லேசு.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துவரும்போதே, இந்தச் சொல்லைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம், அந்த வாக்கியத்தைச் சற்று முன்னால் தள்ளியிருக்கலாம் என்று உங்களில் யாருக்காவது கை அரித்திருந்தால், அவர் பேனாவை மெல்லக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதன் பக்கமும் இன்றைக்குப் போகாமலிருப்பது குடும்பத்துக்கு நல்லது.