விருப்பம் போல் அமுக்கவும்

கதை சொல்லும் கலையில் மனித குலம் இதுவரை இரண்டே இரண்டு பாய்ச்சல்களைத்தான் கண்டிருக்கிறது. முதலாவது, என்றைக்கோ எவரோ நெருப்பைச் சுற்றி நாலு பேரை உட்காரவைத்து 'ஒரு ஊரிலே' என்று ஆரம்பித்தது. இரண்டாவது, 1986-ஆம் வருஷம் ஆம்பூரில், ஒரு தோல் கம்பெனியின் லேபர் ஆபீசர் சத்தியநாதன் அந்த 'ஒரு ஊரிலே'யைத் தூக்கிக் கதையின் கடைசியில் வைத்தது. முதலாமவரின் பெயர் தெரியவில்லை. இரண்டாமவருக்கு அதற்காக இன்கிரிமெண்டே கிடைத்தது.

இந்தத் தகுதி சத்தியநாதனுக்குச் சும்மா வந்துவிடவில்லை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகங்களை எழுதுபவர் அவர்தான். யார் மனமும் புண்படாதபடி முடிவை மாற்றித் தருவதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு வருஷம் ஏரோது ராஜாவாக நடித்தவர் சபையின் பொருளாளர். ஆகவே, குழந்தைகளைக் கொல்ல உத்தரவிட்ட ஏரோது, கடைசிக் காட்சியில் அதே குழந்தைகளுக்குக் கேக் வழங்கினார்.

"பைபிள்ல இப்படி இல்லியேங்க" என்றாள் மனைவி ரோஸ்.

"பைபிள்ல பொருளாளரும் இல்லியே" என்றார் சத்தியநாதன்.

இப்படிப்பட்ட மேதையைக் காலம் அழைத்தது. கம்பெனிக்கு ஒரு சிறு 'அசௌகரியம்' ஏற்பட்டிருந்தது. கம்பெனியின் பின்பக்கத் தெருவில் ஒரு பொதுக் கிணறு. அதன் தண்ணீர் முதலில் டீ நிறத்துக்கு வந்தது. அடுத்த கோடையில் டிகாஷன் நிறத்துக்கு முன்னேறியது. அரிசி வெள்ளையாகப் போய்ச் சோறு செம்பழுப்பாக வந்தது. கம்பெனியில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியும் பட்டைத் தொட்டியும் கழித்துவிடுகிற தண்ணீர், அந்தத் தெருவை ஒட்டிய கால்வாய் வழியாகத்தான் பாலாற்றுக்குப் போகிறது என்பது வெறும் தற்செயல் என்று நிர்வாகம் பலமுறை தெளிவுபடுத்தியிருந்தது.

தெளியாதவர்களில் ஒருத்தி, அந்தத் தெருவில் குடியிருந்த மஹ்பூபி. அதே கம்பெனியில் தோல் உலர்த்தும் வேலை. ஒரு நாள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து சத்தியநாதன் மேஜை மேல் வைத்தாள். சத்தியநாதன் அதை இருமல் மருந்து என்று நினைத்து, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

"என் பொண்ணு சைராக்கு சார். உடம்பு பூரா சொறி. பிறாண்டிப் பிறாண்டி ரத்தமே வந்துட்ச்சு. இது கிணத்துத் தண்ணி. நீங்க பெரியவங்ககிட்ட சொல்லுங்க."

"சொல்றேம்மா. பாட்டிலை எடுத்துக்கினு போ. ஃபைல் மேல சிந்திடப் போவுது."

பெரியவர் ஷபீ அஹமது அப்போதுதான் வெளிநாட்டில் தோல் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். மற்ற முதலாளிகள் போனால் ஆர்டர் கொண்டுவருவார்கள். இவர் தத்துவம் கொண்டுவந்தார்.

"அங்க ஒரு ஸ்டால்ல டிவி வெச்சிருந்தான், சத்தியநாதன். கம்ப்யூட்டர் டிவி. ஒரு பொத்தானை அமுக்கினா கதை இந்தப் பக்கம் போவுது. இன்னொண்ண அமுக்கினா அந்தப் பக்கம். பார்க்கறவன்தான் ராஜா. நான் அமுக்கிக்கினே இருந்தேன். கடைசில அவன்கிட்ட ஒரு மெஷினுக்கு ஆர்டர் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"எந்த முடிவுக்குப் போனீங்க சார்?"

"அதான் சொன்னேனே. எப்படி அமுக்கினாலும் ஆர்டர்லதான் வந்து நிக்குது."

சத்தியநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. பொருளாளர், சபை மூப்பர்கள், பாட்டுக் குழு என்று ஆளுக்கொரு முடிவு எழுதி வாழ்நாளை வீணடித்துவிட்டோமே என்று தோன்றியது.

"நம்ம கிணத்துக் கதையில இன்னா கோளாறு தெரியுமா?" என்றார் முதலாளி. "நேரா போவுது. தொட்டி, கால்வா, கிணறு, சொறி. இப்படி வரிசையா சொன்னா எவனுக்கும் புரிஞ்சிடும். அதை உடைக்கணும்."

"முன்னுக்குப் பின்னா சொல்லிடலாம் சார்."

"முரணா இருக்காதே?"

"முரண் வேணாம் சார். முன்னுக்குப் பின் மட்டும் போதும்."

படம் பிடிக்கும் பொறுப்பு பஞ்சாட்சரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆம்பூரில் கல்யாணத்துக்குக் கேமராவும் சாவு வீட்டுக்கு வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுபவர் அவர். எதைப் படம் பிடித்தாலும் ஓரத்தில் இதய வடிவமும் மல்லிகைப் பூவும் போட்டுவிடுவது அவர் தொழில் தர்மம். கால்வாயையும் அப்படித்தான் எடுத்தார். கம்பெனிச் சுவரிலுள்ள குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் விழுந்து, நுரைத்து, தெருவை நோக்கி ஓடுவது இதயத்துக்குள் அழகாகத் தெரிந்தது.

"இது வேணாம்யா" என்றார் சத்தியநாதன்.

"கலர் பாருங்க சார். இந்த மாதிரி கலர் கல்யாணத்துல கூடக் கிடைக்காது. ஒரு ஓரமா இருக்கட்டும்."

கலைஞனைக் கலைஞன் தடுக்கலாகாது. ஓரமாக இருந்துவிட்டது.

திரைக்கதை இப்படி அமைந்தது: முதல் காட்சியில் சொறி ஆறிய பெண் தலை பின்னிக்கொள்கிறாள். இரண்டாவது காட்சியில் அவளுக்குச் சொறி வருகிறது. மூன்றாவது, கம்பெனியின் ஆண்டு விழா. நான்காவதில்தான் 'ஒரு ஊரிலே ஒரு கிணறு இருந்தது.'

"சொறி ஆறினப்புறம் சொறி வருதே சார், பார்க்கறவன் கொழம்பிடுவானே" என்றார் பஞ்சாட்சரம்.

"கொழம்பணும். கொழம்பினா யோசிப்பான். யோசிச்சிக்கினே இருக்கறவன் கேள்வி கேக்க மாட்டான்."

முடிவுகளைத் தீர்மானிக்க உயர்மட்டக் கூட்டம் கூடியது. சிவப்புப் பொத்தானுக்கு, மக்களே கிணற்றைத் தூர்வாருவது. பச்சைக்கு, மழை பெய்வது. மஞ்சளுக்கு, காலம் காயத்தை ஆற்றுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. மூன்றும் முதலாளி, வீட்டுக்கு ஒன்றாக பிளாஸ்டிக் பக்கெட் வழங்குவதில் போய்ச் சேரும். எவரும் பொத்தானையே தொடாவிட்டால் என்ன செய்வது என்று மேனேஜர் ஆழமான சந்தேகத்தைக் கிளப்பினார். நீண்ட விவாதத்துக்குப் பின், 'அமுக்காதவர்கள் பச்சையை அமுக்கியதாகக் கருதப்படுவார்கள்' என்று தீர்மானம் நிறைவேறியது. ஜனநாயகம் இந்த அளவுக்கு யாரையும் விடாமல் அரவணைத்த சந்தர்ப்பம் குறைவு.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பாடும் ஆனபின், கம்பெனி முற்றத்தில் ஷாமியானா போட்டு விழா நடந்தது. வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து நடு நாற்காலியில் அமர்ந்து, சாப்பிட்ட பிரியாணியின் விளைவாகக் கண்ணை மூடினார். கலர் டிவிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதில் 'கம்ப்யூட்டர்' என்றும், கீழே 'விருப்பம் போல் அமுக்கவும்' என்றும் எழுதியிருந்தது. பெட்டிக்குள் மூன்று பல்புகளுக்குப் போகும் ஒயர் தவிர ஒன்றும் கிடையாது. எந்த பல்பு எரிகிறது என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்து, பஞ்சாட்சரம் அந்தக் கேசட்டை டெக்கில் திணிப்பார். அவர்தான் கம்ப்யூட்டர்.

பின்தெருவின் சார்பில் மஹ்பூபி அழைக்கப்பட்டாள். பயந்துகொண்டே சிவப்பை அமுக்கினாள். மக்கள் தூர்வாரினார்கள். பக்கெட் வந்தது. பச்சையை அமுக்கினாள். மழை பெய்தது, மழையில் நனைந்தபடி பக்கெட் வந்தது. மஞ்சளை அமுக்கினாள். காலண்டர் தாள்கள் பறந்தன. பக்கெட்.

"சார், எதை அமுக்கினாலும் பக்கெட்டே வருதே?"

"வேற வேற வழியா வந்துச்சு இல்லியாம்மா? அதான் விசேஷம்."

"தண்ணி நல்லா ஆவற பொத்தான் எது சார்?"

மிக எளிய கேள்வி. சத்தியநாதன் பெட்டியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "அது இன்னும் எழுதலம்மா" என்றார். சொன்ன பிறகு, கூட்டத்தில் இருந்த ரோஸின் கண்ணைத் தவிர்ப்பதற்காக ஷாமியானாவின் கம்பத்தைப் பார்த்தார்.

இன்னொரு முறை போட்டுக் காட்டலாம் என்று முதலாளி சைகை செய்தார். பஞ்சாட்சரம் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினார். அவசரத்தில் படத்தை நிறுத்த மறந்துவிட்டார்.

திரையில் பக்கெட்டுகள் மக்கள் கையிலிருந்து முதலாளி கைக்குத் திரும்பின. முதலாளி பின்னோக்கி நடந்து காருக்குள் ஏறினார். கூட்டம் சிரித்தது. அப்புறம் அந்த இதய வடிவம் வந்தது. தெருவுக்குள் போன கறுப்புத் தண்ணீர் தெருவிலிருந்து வெளியே வந்தது. கால்வாயில் மேட்டை நோக்கி ஓடியது. நுரை அடங்கியது. தண்ணீர் ஒரு தாவு தாவி, சுவரிலிருந்த குழாய்க்குள் ஏறி, கம்பெனிக்குள்ளேயே போய்விட்டது. காய்ந்த கால்வாய் மட்டும் மல்லிகைப் பூவுடன் நின்றது.

சிரிப்பு நின்றது.

"இதான்!" என்று கத்தினாள் மஹ்பூபி. "இந்த முடிவுதான் சார் வேணும்! இதையே போடுங்க!"

"ஒன்ஸ் மோர்!" என்றது பின்தெரு.

ஒன்ஸ் மோர் கேட்டு மறுத்துப் பழக்கமில்லாத பஞ்சாட்சரம் மறுபடி ஓட்டினார். மறுபடியும் தண்ணீர் கம்பெனிக்குள் போயிற்று. விசில் பறந்தது. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "சத்தியநாதன், கரண்ட்!" என்றார். கலையின் தந்தை ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். டிவி இருண்ட அமைதியில் அதிகாரி விழித்துக்கொண்டு, பலமாகக் கை தட்டினார்.

மறுநாள் காலை, வெந்த இட்லியைத் தட்டில் வைத்தபடி ரோஸ் பேசினாள். அவள் ஆம்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அந்தத் தெருப் பசங்க தினம் மருந்து கட்ட வருது. நான் இன்னா பண்றது? சிவப்பா பச்சையான்னு கேக்கறதா?"

"வேலை, ரோஸ். மேல சொன்னா செய்யணும்."

"ஏரோதோட சேவகனும் அதான் சொல்லியிருப்பான்."

சத்தியநாதன் இட்லியை மிச்சம் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். கம்பெனி வாசலில் மஹ்பூபியும் தெருப் பெண்களும் தலையில் குடத்தோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆபீஸ் படியிலும் வராந்தாவிலும் டிகாஷனைக் கவிழ்த்தார்கள்.

"இன்னாம்மா பண்றீங்க?"

"ரீவைண்டு சார்" என்றாள் மஹ்பூபி.

வெளியே வந்த முதலாளியின் வெள்ளை பூட்ஸ் நனைந்தது. கண்காட்சியில் வாங்கியது. அவர் அலறினார்: "இந்த நாத்தத் தண்ணிய இங்க ஊத்தறீங்களே, நாங்கல்லாம் மனுஷங்க இல்லியா?"

"உங்க தண்ணிதான் சாப். அடையாளம் தெரியலியா?"

இதன் பிறகு நடந்தது வரலாறு. வட ஆற்காடு மாவட்டத்துக் கதைகளிலேயே முதன்முறையாக, தண்ணீரைக் கெடுத்ததாக ஒரு போலீஸ் புகார் பதிவாயிற்று. கொடுத்தது தோல் கம்பெனி. குற்றம் சாட்டப்பட்டது குடம் சுமந்த பெண்கள். எழுதியது சத்தியநாதன்.

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர், வேலைக்குப் புதுசு. "எனக்கு முன்ன பின்ன சொன்னா புரியாது. மொதல்லேர்ந்து வரிசையா சொல்லுங்க. தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

பேனாவைப் பிடித்திருந்த சத்தியநாதன், ரோஸின் முகம் குறுக்கே வந்ததாலோ என்னவோ, "தொட்டியிலேர்ந்து…" என்று ஆரம்பித்துவிட்டார்.

முதலாளி இருமினார்.

"எந்தத் தொட்டி?"

"மன்னிக்கணும் சார். குடத்துலேர்ந்து."

தண்ணீர் பரிசோதனைக்குப் போனது. முடிவு வந்த அன்று எல்லோரும் ஸ்டேஷனில் கூடினார்கள். மஹ்பூபியின் இடுப்பில் சைரா, கையெல்லாம் ஊதா மருந்தோடு. சப்-இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்: "மேற்படி நீர் தொழிற்சாலை வளாகத்தில் கொட்டத் தகுதியற்றது. தரைக்கும் காலணிக்கும் தீங்கு விளைவிக்கும்." இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று பெண்கள் எச்சரிக்கப்பட்டார்கள். முதலாளி மகிழ்ச்சியோடு தலையசைத்தார்.

"குடிக்கலாமான்னு போட்டிருக்கா சார்?" என்றாள் மஹ்பூபி.

சப்-இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இல்லியேம்மா. புகார்ல அதைக் கேக்கல. கேட்டிருந்தா பார்த்திருப்பாங்க."

"இப்ப கேக்கலாமா?"

"புகார் எழுதினவர் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டா, இன்னிக்கே அனுப்பிடறேன்." அவர் தாளைச் சத்தியநாதன் பக்கம் நகர்த்தினார்.

முதலாளி இந்த முறை இருமக்கூட இல்லை. ஜன்னல் வழியாகத் தம் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஹ்பூபி சத்தியநாதனைப் பார்த்தாள். சைராவும் பிறாண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, மூடி கூடக் கழன்றிருந்தது.

பார்வையாளர் பங்கேற்கும் கதைக் கலையின் தந்தை அன்று அந்த அறையில் வெகு நேரம் இருந்தார். பங்கேற்கவில்லை.