மாமனார் மென்ற கப்பற்படை

மனிதனுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று வந்து தொலைந்தால், அது கண்ணுக்குத் தெரிகிற அளவிலாவது இருக்க வேண்டும். என்னுடையது அப்படி இல்லை. உலக யுத்தம் நடந்த காலத்தில், கடத்தூரில் அப்பாவின் தானிய மண்டியில் உட்கார்ந்துகொண்டு, பத்திரிகைப் படங்களைப் பார்த்துக் காகிதத்தில் போர்க்கப்பல்கள் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு நெல் நீளம். அதற்குள் பீரங்கி, புகைபோக்கி எல்லாம் உண்டு. (கடலை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒகேனக்கலோடு சரி.)

ஒட்டுவதற்கு மயில்துத்தம் போட்ட பசை; அது விஷம், பூச்சி அரிக்காது. சாம்பல் நிறச் சாயம் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே காப்பி டிகாக்‌ஷனில் முக்கி எடுத்தேன். மொத்தக் கப்பற்படையும் பழுப்பாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பென்னாகரத்துப் புளி வியாபாரி ஒருவர், தன் மகளுக்கு என்னைப் பார்க்க வந்தார். அந்தப் பெண்ணைத் தீர்த்தமலைத் திருவிழாவில் பார்த்திருந்தேன். அவள் இல்லையென்றால் சாமியாராகப் போவதென்று முடிவே கட்டியிருந்தேன். வந்தவர் எங்கள் வீட்டு வெற்றிலை பாக்கைப் போட்டுக்கொண்டால் சம்மதம். போடாமல் எழுந்தால் அவ்வளவுதான்.

நான் வெறும் மண்டிக்காரப் பையன் இல்லை என்று காட்ட வேண்டாமா? கப்பல்களை ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கேட்பார், நான் அடக்கமாக விளக்குவேன் என்று ஏற்பாடு.

அவர் கேட்கவில்லை. அப்பாவிடம் புளி விலையைப் பற்றி முழங்கிக்கொண்டே வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பு தடவினார், கிண்ணத்தில் கைவிட்டு, சீவல் என்று நினைத்து ஒரு சிட்டிகை கப்பலை வாயில் போட்டார்.

கத்தியிருக்கலாம். ஆனால் சம்மத வெற்றிலை மெல்லுகிறவரை மாப்பிள்ளையே தடுத்தால் அந்தக் கல்யாணம் நடக்குமா?

"சீவலு எந்த ஊருதுங்க? காப்பி வாசன அடிக்குது" என்றார்.

"சேலத்துச் சரக்குங்க" என்றார் அப்பா பெருமையாக. (பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.)

புளி வியாபாரி இன்னொரு சிட்டிகை போட்டார். பிறகு பல்லிடுக்கிலிருந்து எதையோ இழுத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, பாக்குக்குக் காலு மொளச்சிருக்குது? பூச்சிங்களா?"

பூச்சி என்றது எனக்குப் பொறுக்கவில்லை. "பீரங்கிங்க மாமா. அது போர்க்கப்பலுங்க" என்றேன்.

மயில்துத்தம் அதற்குள் வேலையைக் காட்டிவிட்டது. புழக்கடைக்கு ஓடியவர், முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நல்லவேளை, எல்லாம் வெளியே வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர், "நா மென்னது பாக்கே இல்லீங்க. ஒங்க வூட்டுக்குப் பொண்ணும் இல்லீங்க!" என்றார்.

"வெத்தல நெசந்தானுங்களே!" என்றாள் அம்மா, விடாமல்.

இந்த வழக்கு ஒரு மாதம் இழுத்தது. நான் சோறு இறங்காமல் கிடந்தேன். கடைசியில் கதை பெண்ணின் காதுக்குப் போயிருக்கிறது. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "கட்டுனா அந்தக் கப்பல்காரரத்தான் கட்டுவேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

மாமனார் கடைசிவரை எங்கள் வீட்டில் வெற்றிலை போடவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் சம்மதத்துக்குப் பெயரே மாறிவிட்டது. போன மாதம் பேத்தியின் கல்யாணம் பேசிவிட்டு வந்த மகனிடம் என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "என்னடா, அவுங்க கப்பல முழுங்கிட்டாங்களா?"