செவ்வாய்க்கிழமைப் பிரதி

எங்கள் கணினி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நின்றது. ஒன்பது ஐந்துக்கு நான் நிதானமாகத் தேநீர் அருந்தினேன். என் கணவர் ஆறுமுகநயினாரோ, நடுக்கடலில் கப்பலைப் பறிகொடுத்தவரைப்போல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மணலி புதுநகரில் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. அதற்கான நூற்றெண்பத்தாறு முகவரிகளும் கணினிக்குள் இருந்தன. தட்டச்சு செய்தவள் நான். புதன்கிழமை மாலை அவற்றுள் ஒன்றை இரகசியமாக அழித்தவர் அவர். அழிந்தவர் என் அண்ணன் இசக்கிப்பாண்டி.

அண்ணன் செய்த குற்றம் பெரிதன்று. இராயபுரத்தில் இவருடைய கயிற்றுக் கடைக்கு வந்தவர், கப்பலையே கட்டி இழுக்கும் என்று இவர் புகழ்ந்த கயிற்றை, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் இழுத்துப் பார்த்தார். கயிறு இரண்டாயிற்று. அன்று முதல் மூன்றாண்டுகளாகப் பேச்சில்லை.

இவர் அழித்ததைக் கதவருகே நின்று பார்த்தேன். செவ்வாய்தோறும் நான் பிளாப்பி வட்டில் பிரதி எடுத்துவைப்பதை இவர் அறியார்.

கணினி பழுதுபார்க்கும் டில்லிபாபு வந்தார்.

"டிஸ்க்கு பூட்ச்சி நைனா. காப்பி எதுனா கீதா?"

அலமாரியிலிருந்து பிளாப்பியை எடுத்து நீட்டினேன். கணவர் முகம் வெளுத்தது.

"அது எதுக்கு? உள்ள இருக்கதையே தோண்டி எடுத்துரு தம்பி. பத்து நாளானாலும் சரி."

"விழாவுக்கு ஒம்பது நாள்தான் இருக்கு" என்றேன்.

"நைனா, ஒடஞ்ச கொடத்துத் தண்ணிய தரையிலேர்ந்து வழிச்சி எடுக்கறது ரெகவரி. வேற கொடத்துல முன்னாடியே புட்ச்சி வெச்சத ஊத்திக்கறது பேக்கப்பு. அம்மா புட்ச்சி வெச்சிகிறாங்க. நீ இன்னாத்துக்குத் தரையத் தொடைக்கிற?"

"அது செவ்வாய்க்கிழமைத் தண்ணிலா!"

"செவ்வாய்க்குப் பொறவு யாரையும் சேத்தீகளா?" என்றேன்.

"இல்ல."

"முகவரி மாத்துனீகளா?"

"இல்ல."

"பொறவு எதைத் தேடுதீக?"

கணவர் மின்விசிறியைப் பார்த்தார். அது உதவவில்லை.

டில்லிபாபு வேறு டிஸ்க்கு மாட்டிய ஐந்தே நிமிடத்தில் நூற்றெண்பத்தாறு பேரும் வரிசை குலையாமல் எழுந்து வந்தனர். என் வேலையில் ஓர் எழுத்தும் குறையவில்லை.

அண்ணனுக்குரிய உறையில் அஞ்சல்தலை ஒட்டும் பொறுப்பைக் கணவரிடமே ஒப்படைத்தேன். நாக்கால் நனைத்து ஒட்டினார்.

கோணலாக இருக்கிறது என்றேன்; பிரித்தெடுத்து, மறுபடியும் நக்கி, நேராக ஒட்டினார்.