ஸ்கர்ட்டும் கோட்டும் இயல்பாக அணிவது குறித்து

"சும்மா நில்லுங்க மாதேஸ்வரி. நிக்கிற மாதிரியே தெரியக் கூடாது" என்றார் ஆனந்த், அவளை ஒரு சுற்று சுற்றிவந்து.

மாதேஸ்வரி சும்மாதான் நின்றிருந்தாள்.

"கோட்டுக் கையை ஏன் மடிச்சீங்க?"

"நீங்கதானே சார் மடிக்கச் சொன்னீங்க? அப்பதான் கேஷுவலா இருக்கும்னு."

"ரெண்டையும் ஒரே அளவுக்கு மடிச்சிருக்கீங்க. முயற்சி தெரியுது. முயற்சி தெரிஞ்சா அது கேஷுவல் இல்ல."

"ஒண்ணை இறக்கிவிடட்டுங்களா?"

"நான் சொல்லி இறக்கினா அது உத்தரவாயிடும்."

ஆனந்த் மனிதவள அதிகாரி. டையைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டுதான் பிறருடைய இயல்பைச் சோதிப்பார். ஓசூரில் இருக்கும் அந்தப் பம்ப் கம்பெனி, வரவேற்பில் பயிற்சியிலிருந்த பெண்களுக்கு ஸ்கர்ட்டும் கோட்டும் தைத்துக் கொடுத்திருந்தது. கொடுத்த பிறகுதான் பெங்களூர் தலைமையகத்துக்கு ஞானம் வந்தது. உலகம் முழுக்க இப்போது இதையெல்லாம் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்களாம், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்களாம். ஆகவே, இது அலுவலக உடுப்பு என்ற எண்ணம் சிறிதும் எழாவண்ணம் மேற்படி உடுப்பை அலுவலகத்தில் அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. அப்படி அணிபவர்களுக்கே வேலை நிரந்தரம். மாதேஸ்வரி பயிற்சியிலேயே தீபாவளிகளைக் கொண்டாடிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல போட்டுப் பழகுங்க. போட்டோ அனுப்புங்க. அதை வச்சுத்தான் முடிவு" என்றார் ஆனந்த்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய ஊரான பேரிகையில் நல்ல பனி. மாதேஸ்வரி எழுந்து பார்த்தபோது கொடியில் கோட்டைக் காணோம். ஸ்கர்ட்டையும் காணோம். சந்தேகப்பட்டுத் தக்காளித் தோட்டத்துக்கு ஓடினாள். அம்மா சாந்தம்மா, தினமும் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொள்வதுபோல, சேலைமேல் கோட்டை மாட்டியிருந்தாள். ஸ்கர்ட்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் தக்காளிக் கூடை.

"அய்யோ, அது கம்பெனி துணிம்மா!"

"உங்கப்பன் சட்டை ஈரமாக் கெடக்குது. இந்தக் குளுருக்கு என்னாத்தடி போடறது?"

"ஸ்கர்ட்டு?"

"கூடை நவுராம நிக்குதுடி. நல்ல துணி."

கோட்டில் தக்காளிச் சாறு வழிந்திருந்தது. அது தன் தவறல்ல என்பதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும் என்று மாதேஸ்வரி படம் எடுத்து ஆனந்துக்கு அனுப்பிவைத்தாள்.

ஆனந்த் அதைப் பெங்களூருக்கு அனுப்பினார். மறுநாளே ஆடை ஆலோசகர் யுவஸ்ரீ காரில் வந்து இறங்கினார்.

"ஸ்கர்ட்டைத் தலையில வைக்கணும்னு பாரிஸ்ல கூட யாருக்கும் தோணலை" என்றார். குரல் தழுதழுத்தது.

வரவேற்புப் பெண்கள் அனைவரும் சேலைமேல் கோட்டும் தலைமேல் ஸ்கர்ட்டுமாக அணிவகுக்கப் பணிக்கப்பட்டார்கள். முதலில் மாதேஸ்வரி. யுவஸ்ரீ உதட்டைப் பிதுக்கினார்.

"பாத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

"எங்கம்மாவைப் பாத்துத்தான் மேடம் செஞ்சேன்."

"அதான் குறை. அவங்க யாரைப் பாத்துச் செஞ்சாங்க?"

"யாரையும் இல்லைங்க."

"அவங்களை வரச் சொல்லுங்க."

சாந்தம்மாவைக் கம்பெனி பஸ் அழைத்துவந்தது. கல்யாணப் பட்டு. முகத்தில் அப்பிய பவுடர். துவைத்த கோட்டில் ஒரு பொத்தான் விடாமல் போட்டு, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றாள். ஆனந்த் கண்களை மூடிக்கொண்டார்.

யுவஸ்ரீ கலங்கவில்லை. "அங்கீகரிக்கப்பட்டது படம். ஆகவே படத்தில் காணப்படும் நபரை நிரந்தரமாக்குங்கள்."

"மேடம், அது என் வேலை!" மாதேஸ்வரி குறுக்கே வந்து நின்றாள். "எங்கம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. போன்ல இங்கிலீஷ் பேச வராது."

"அதெல்லாம் சொல்லிக்கொடுத்துடலாம். இயல்பைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? நீங்களே பக்கத்துல இருந்து கத்துக்கொடுங்க. பயிற்சியில இருக்கிறவங்களாவே."

சாந்தம்மா கொஞ்சம் யோசித்தாள். "பஸ்ஸு தெனமும் ஊட்டாண்ட வருங்களா?"

"வரும்மா."

"அப்ப சரிங்க." பிறகு மகளின் காதருகே குனிந்தாள். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடி. நெரந்தரம் நம்மூட்டுக்குத்தானே வருது?"

எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற பயிற்சிப் பெண்கள் தட்டிய கையோடு வெளியே போய் அவரவர் அம்மாவுக்குப் போன் போட்டார்கள்.

யுவஸ்ரீயின் பார்வை ஆனந்தின் டைமீது வந்து நின்றது.

"உங்கப்பா என்ன செய்யறார் ஆனந்த்?"

"சும்மாதான் இருக்கார் மேடம். கோவில்பட்டியில."

"அருமை. போட்டோ இருக்கா?"

வரவேற்பு மேசையில் போன் அடித்தது. சுழல் நாற்காலியில் சாந்தம்மா பட்டுச்சேலைக் கொசுவத்தை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்த மாதேஸ்வரி எட்டி ரிசீவரை எடுத்தாள்.