மாஸ்ரரைத் தாண்டி மலையேறிய உமது தங்கச்சி

வட்டுக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை காலை.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் லெனாட்டுக்கு,

தேவகிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீரும் யோசப்பினும் மெல்பேர்ண் குளிரிலே இருமல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டுமென்று குடும்ப ஜெபத்திலே தினமும் உங்களை நினைக்கிறோம். "எல்லாரும் சுகம்" என்று எழுதினேனே, அது வழக்கத்துக்கு எழுதினது. நான் சுகமில்லை. இரண்டு கிழமையாக நித்திரை இல்லை, சோறு இறங்குவதில்லை, ஒரு கதிரையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க முடிவதில்லை. இவ்வளவையும் எழுதுவதற்குள் மூன்று தரம் எழும்பி முற்றத்துக்குப் போய் வந்துவிட்டேன்.

இந்தக் காலத்திலே தபாலில் கடிதமா என்று யோசிப்பீர். வீட்டில் இருப்பது ஒரு வாட்ஸ்அப், அது உமது தங்கச்சியின் கையில் இருக்கிறது. விஷயமும் உமது தங்கச்சிதான். மச்சான், வினிபிரட் மலை ஏறுகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலையேற்றச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம், அதில் அவளைத் தலைவியாக்கப் போகிறார்களாம். ஆக்கினால் பங்குனியில் நக்கிள்ஸ் மலைக்கு மூன்று நாள் பயணம்; கூடாரம், அட்டைக்கடி, ரின்னில் அடைத்த மீன், எல்லாம். அவளுக்கு வயது அறுபத்தொன்று. நான் சொன்னால் கேட்கமாட்டாள். இந்த முப்பத்தாறு வருடத்தில் அவள் மறுகதை கதைக்காமல் கேட்டது உமது சொல் ஒன்றைத்தான், என்னைக் கட்டச் சொன்னது உட்பட. ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்தவுடன் நீர் போன் எடுத்து, "வேண்டாம் பிள்ளை" என்று ஒரேயொரு சொல் சொல்லவேண்டும். தபால் வந்துசேர மூன்று கிழமை பிடித்தாலும் பங்குனிக்கு முன் வந்துவிடும்.

வட்டுக்கோட்டையில் ஏதடா மலை என்று நீர் சிரிப்பது இங்கே கேட்கிறது. எங்கள் ஊரிலே உயரமானது தண்ணீர்த் தாங்கி, அதற்கடுத்தது கோயில் கோபுரம் என்பது எனக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் காரணம் அருள்நேசன் மாஸ்ரர். நாற்பது வருடம் புவியியல் படிப்பித்தவர், குன்றையே காணாத பிள்ளைகளுக்குச் சமவுயரக் கோடு கீறக் காட்டியவர், எழுபத்துநாலு வயதில் ஒருநாள் தேவாலய வாசலில் வைத்து, "நான் கீறினதிலை ஒண்டையாவது காலாலை மிதிச்சுப் பாக்கவேணும்" என்றார். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, ஒருவர் நடக்கப்போகிறேன் என்றால் அடுத்த கிழமையே சங்கம், யாப்பு, போஷகர், பதாகை எல்லாம் வந்துவிடும். மாஸ்ரர் தலைவர். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன், கையெழுத்து வடிவானது என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். மலையைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. வினிபிரட் "எனக்கும் நடக்கத்தானே வேணும், டொக்டர் சொன்னவர்" என்று நிர்வாக உறுப்பினராகச் சேர்ந்தாள். டொக்டர் சொன்னது தேவாலயம் வரைக்கும்.

முதற் பயணம் மணற்காட்டு மணற்குன்றுகளுக்கு. இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி இறங்குகிற இடம் அது. பதாகையின் ஒரு கம்பு என் கையில், மற்றது இணைச்செயலாளர் நாகேஸ்வரியின் கையில். உச்சியில் கடற்காற்று ஒன்று அடித்தது பாரும், நாகேஸ்வரி புத்திசாலி, கம்பை விட்டுவிட்டார். நான் சங்கத்துச் சொத்து என்று விடாமல் பிடித்தேன். பதாகையும் நானும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு அடிவாரம் வரைக்கும் உருண்டோம். கீழே சுற்றுலா வந்திருந்த ஒரு பள்ளிக்கூடம் முழுக்கக் கைதட்டியது. நிமிர்ந்து பார்க்கிறேன், உமது தங்கச்சி உச்சியில் காலை நீட்டி இருந்து றோல்ஸ் சாப்பிடுகிறாள். அன்றைய அறிக்கைப் புத்தகத்தில் நான், "செயலாளர் ஏனையோருக்கு முன்பதாகவே இறங்கினார்" என்று எழுதினேன். அறிக்கை என்பது பிற்காலத்தவர்கள் வாசிப்பது, எல்லாவற்றையும் போட்டு எழுதமுடியாது.

பிறகு பயிற்சி. கயிறு பிடிக்கப் பழகவேண்டுமென்று பனை ஏறுகிற சூசைதாசனின் வளவுக்குப் போனோம். அந்த மனிசன் காலிலே தளைநாரை மாட்டிக்கொண்டு நாங்கள் மூச்சு விடுவதற்குள் பனை உச்சியில் வட்டுக்குள் போய் இருந்து, அங்கிருந்து "வாங்கோ வாங்கோ" என்று கூப்பிட்டார். நான் நாலடி ஏறி மரத்தைக் கட்டிப் பிடித்தவன், ஏணி கொண்டுவந்துதான் கழற்றினார்கள். ("செயலாளர் மரத்தை அண்மையில் நின்று ஆராய்ந்தார்" என்று பதிவு செய்திருக்கிறேன்.) வினிபிரட் தளைநாரோடு பத்துப் பன்னிரண்டு அடி போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து எங்கள் போதகர் மோட்டார்சைக்கிளில் வேலியோரம் வந்து, அண்ணாந்து பார்த்து, "அம்மா, உதிலை என்ன செய்யிறியள்?" என்று கேட்டார். "இறங்கிறது எப்பிடியெண்டு யோசிக்கிறன் போதகர்" என்றாள். வெட்கத்தில் நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலே போதகர் மூன்று இடத்தில் "உயரம்" என்ற சொல்லைச் சொன்னார், மூன்று தரமும் நாங்கள் இருந்த வாங்கைத்தான் பார்த்தார்.

சற்று நிறுத்தி எழுதுகிறேன். இப்போது வந்து போனாள். முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு எங்கள் மாடிப்படியைக் காலையிலிருந்து ஏறி இறங்குகிறாள், தடதட என்று தலைக்கு மேலே சத்தம். "இஞ்சரப்பா, ஆருக்கு எழுதிறியள்?" என்றாள். ஓய்வூதியக் கந்தோருக்கு என்றேன். "அவைக்கு ஏன் இவ்வளவு பக்கம்? சுகம் விசாரிக்கிறியளே?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேலே போய்விட்டாள். கையெல்லாம் வேர்க்கிறது, எழுத்துக் கோணினால் மன்னித்துக்கொள்ளும்.

இனித்தான் பெரிய விஷயம். இரண்டு கிழமைக்கு முன் மதவாச்சிக்கு அங்கால் ஒரு பாறைமலைக்குப் போனோம். பன்னிரண்டு பேர், ஒரு வான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாகத்தான் போனோம். மலையென்றால், அடியில் பற்றை, நடுவில் வழுவழுத்த பாறை. அதிலே ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு வெடிப்பு, அதற்குள் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து ஏறவேண்டும். சூசைதாசன் முதலில் போய்க் கயிறு கட்டியிருந்தால் கதை வேறு. ஆனால் எங்கள் யாப்பிலே ஒழுங்கு இருக்கிறது: தலைவர் முதல், பின்னால் செயலாளர், இணைச்செயலாளர், நிர்வாக உறுப்பினர்கள், சாதாரண உறுப்பினர்கள். பதவி இல்லாத சூசைதாசன் எல்லாருக்கும் கடைசி, கயிறும் அவரோடு கடைசியில். மாஸ்ரர் பைய ஏறினார், அவருக்கு அடுத்ததாக நான். பாதி வெடிப்பில் மாஸ்ரர் நின்றுவிட்டார். ஏனோ தெரியாது, நின்றுவிட்டார்.

"என்ன மாஸ்ரர்?" என்று கீழே இருந்து கேட்டார்கள். "ஒண்டுமில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கிறன்" என்றார். பத்து நிமிடம் போனது, அரை மணித்தியாலம் போனது. பாறை சுடுகிறது, ஒருவருக்குப் பின் ஒருவராக வெடிப்புக்குள் பல்லியாய் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். வெடிப்புக்கு வெளியால் பக்கப் பாறையில் ஏறலாம் என்று சூசைதாசன் அடியில் இருந்து கத்துகிறார். ஏறலாம்தான். ஏறினால் மாஸ்ரரின் தலைக்கு மேலே கால் வரும். வினிபிரட்டைத் தவிர அங்கே நின்ற எல்லாரும் மாஸ்ரரிடம் படித்தவர்கள், அடி வாங்கியவர்கள். "குருவின்ரை தலைக்கு மேலை கால் வைக்கிறதோ? பாவமெல்லோ!" என்று எனக்குக் கீழே நின்று நாகேஸ்வரி அழுகிறார். வங்கியிலே முகாமையாளராய் இருக்கிற கோகுலன், நாற்பத்தைந்து வயது மனிதன், "மாஸ்ரர், தள்ளி விடட்டோ?" என்று கேட்டுவிட்டு, எந்த இடத்தில் கை வைத்துத் தள்ளுவது என்று யோசித்து, தானே வேண்டாமென்று விட்டான். இப்படி ஒன்றரை மணித்தியாலம், மச்சான்! வெயில் பட்டுச் செத்தாலும் ஒருவரும் தாண்டுவதாக இல்லை.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததால் மாஸ்ரரிடம் படிக்காமல் தப்பியவள் உமது தங்கச்சி ஒருத்திதான். சூசைதாசனிடம் கயிற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியால் ஏறினாள். "வினி, இறங்கும்! இறங்கும் எண்டு சொல்லிறன்!" என்று நான் கத்தினேன். "மாஸ்ரர், குறை நினையாதேங்கோ" என்று சொல்லி, அவர் காதுக்குப் பக்கத்தில் சப்பாத்தை வைத்துத் தாண்டிப் போய்விட்டாள். மேலே ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி எறிந்து, தானும் பாதி வரைக்கும் இறங்கி வந்து குனிந்து என்னவோ செய்தாள், மாஸ்ரர் உடனே விறுவிறு என்று ஏறிவிட்டார். பிறகென்ன, வான் முழுக்க அவளைப் பற்றித்தான் பேச்சு. முறிகண்டிக்கு வருவதற்குள் அவள்தான் அடுத்த தலைவி என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் அறிக்கைப் புத்தகத்தில், "பாறையின் நடுவில் தலைவர் அவர்கள் தயங்கி நின்றமையால் பயணம் ஒன்றரை மணித்தியாலம் தாமதமாயிற்று" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மச்சான், உமக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் அந்த உச்சியில் ஏறி நின்று தலைமயிர் காற்றில் பறக்கச் சிரித்தாள். முப்பத்தாறு வருடத்தில் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒருவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளுக்காகச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை இல்லை. அவள் விழுந்துவிடுவாள் என்று எனக்குப் பயமில்லை, அவள் ஆடு மாதிரி ஏறுகிறாள். அவள் போகிற இடத்துக்கு என்னால் போகமுடியாது, அதுதான் பயம். மூன்று நாள் அவள் நக்கிள்ஸில் நிற்க, நான் இங்கே வெளிக்கதவைத் திறப்பதும் பூட்டுவதுமாய்ப் பைத்தியம் பிடித்தவன் போல் திரிவேன். பிறகு வேறு மலை, வேறு மூன்று நாள். பழகிவிடுவாள். ஆகையால் தயவுசெய்து போன் எடும். மூட்டுத் தேய்மானம், இரத்த அழுத்தம், உங்கள் அம்மாவின் கடைசி ஆசை, எதை வேண்டுமானாலும் சொல்லும். நான் எழுதினது மட்டும் தெரியக்கூடாது.

யோசப்பினுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. இங்கே இருப்பவர்களுடைய போக்கை அவர் கொஞ்சம் குறைப்பாராக.

இப்படிக்கு,
உமது அன்பு மைத்துனன்,
தேவராஜா

பி.கு.: ஞாயிறு பின்னேரம். கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தபால் கந்தோர் வரைக்கும் நாலு தரம் போய், நாலு தரமும் போடாமல் திரும்பினேன். இப்போது போடப்போகிறேன், ஆனால் நீர் போன் எடுக்கவேண்டாம். மேலே எழுதினதில் ஒரு பிழை இருக்கிறது.

கூட்டம் ஜெபத்தோடும் தேவாரத்தோடும் தொடங்கியது. சென்ற பயணத்து அறிக்கையைச் செயலாளர் வாசிக்கவேண்டும், அது முறை. வாசித்தேன். "தலைவர் அவர்கள் தயங்கி நின்றமையால்" என்ற இடம் வந்ததும் கோகுலன் எழும்பி, மாஸ்ரருக்கு வயது போய்விட்டது, இனி அவர் போஷகராக வீட்டில் இருக்கட்டும், மலைக்குக் கூட்டிக்கொண்டு போவது ஆபத்து என்று மரியாதையாகப் பிரேரித்தான். மாஸ்ரர் "சரி" என்று தலையாட்டிவிட்டு, மடியில் விரித்து வைத்திருந்த நக்கிள்ஸ் வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். அதை அவர் மடித்த விதம் எனக்குத் தாங்கவில்லை, மச்சான்.

"மாஸ்ரர் தயங்கேல்லை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "நான் கீழை பாத்தனான், எனக்குத் தலை சுத்தினது. மாஸ்ரரின்ரை காலைப் பிடிச்சனான், பிறகு விட ஏலாமப் போச்சு. ஒண்டரை மணித்தியாலம் நான்தான் அவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தேவராஜா, இரும். அது அறிக்கையிலை இல்லை" என்றார். நான் இருக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் புத்தகத்தில் "தலைவர் அவர்கள்" என்பதை வெட்டி, "செயலாளர்" என்று எழுதினேன்.

வினிபிரட்டைத் தலைவியாக்கிவிட்டார்கள், நானும் கை தூக்கினேன். அவள் போட்ட முதல் ஒழுங்கு: இனிச் சூசைதாசன் முன்னால், மாஸ்ரர் வரைபடத்தோடு அவருக்குப் பின்னால்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். "ஓம். உங்கடை விரலை ஒவ்வொண்டாய் நான்தானே கழட்டி விட்டனான்" என்றாள். பிறகேன் இவ்வளவு நாளும் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றாள். அப்ப பங்குனியில் நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன். நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர் உங்களை வீட்டிலை விட்டது? எனக்குப் பின்னாலை வாங்கோ. பயம் வந்தா மாஸ்ரரை விட்டிட்டு என்ரை காலைப் பிடியுங்கோ."