ஐந்தாம் குழாய்

2019 மார்ச் 11, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்கு எதிரே உள்ள 'பைலட்ஸ் ரெஸ்ட்' பப்பில், ஐந்தாம் குழாயின் பிடியில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டப்பட்டது. 'வெள்ளி மதியம் வரை' என்று அதில் எழுதியிருந்தது.

பதினொன்றரைக்கு வழக்கம்போல் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' சாப்பிட வந்த நெவில் பார்ட்லெட் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். ஐந்தாம் குழாயில் வருவது அவர் முப்பத்தைந்து வருடமாகக் காய்ச்சும் 'கலங்கரை' ஏல் பீர். ஊரில் அது கிடைக்கிற கடைசிக் குழாயும் அதுதான்.

"மரீனா, என்ன இது?"

"சீட்டு."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்குன்னு கேட்டேன்."

பப்பின் முதலாளி மரீனா வுகோவிச் கிளாஸ் துடைப்பதை நிறுத்தவில்லை. "பீப்பாய் அறை பாக்கற கொலீன் காலையில குழாயெல்லாம் கழுவிட்டு, அஞ்சுக்கும் ஆறுக்கும் புதுப் பீப்பாய் மாட்டியிருக்கா. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள உன் பீப்பாய் காலியாகணும். இல்லன்னா அஞ்சாம் குழாய் அந்த 'மூணு முழங்கை' ஆலைக்காரங்களுக்கு."

"அவங்களுக்குத்தான் ஆறாம் குழாய் இருக்கே!"

"ஆறு பத்தலையாம். உன் போன பீப்பாய் மூணு வாரம் கெடந்துச்சு, நெவ். கடைசியில தோட்டத்துல நத்தை பிடிக்கற பொறியில ஊத்தினேன்."

"எண்பத்தி நாலுல இந்த ஊரே ஐஸ் தண்ணிய பீர்னு நெனச்சுக் குடிச்சிட்டிருந்துச்சு. ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டு, கசப்புன்னா என்னன்னு காட்டினவன் யாரு?"

"நீதான். இப்ப உன் பீர் முதியோர் இல்லத்துத் தாத்தா மாதிரி. எல்லாருக்கும் மரியாதை இருக்கு. பாக்கத்தான் யாரும் வர்றதில்ல."

அதைவிட நெவிலைச் சுட்டது ஆறாம் குழாய். 'மூன்று முழங்கை' என்ற புது ஆலை நடத்தும் இளசுகள், எண்பதுகளின் பாணி என்று சொல்லி ஓர் ஏல் காய்ச்சி, 'தாத்தா செஞ்ச தப்பு' என்று பெயரும் வைத்திருந்தார்கள். நிறம்கூட அவருடையதேதான். பைலட்ஸ் ரெஸ்டில் பெயர் சொல்லி பீர் கேட்பவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர்கள் எண்ணைத்தான் சொல்வார்கள். பிடியில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கேட்டதெல்லாம் ஆறு.

வீட்டில் அவர் மனைவி லொரெய்ன் நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தக் குழாயும் போச்சுன்னா, பீர் காய்ச்சற தொட்டியை அந்தப் பசங்களுக்கே வாடகைக்கு விட்டுட்டு வீட்ல இரு," என்றார்.

"வீட்ல இருந்து?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

செவ்வாய்க்கிழமை நெவில் தனியாக முயன்றார். ஐந்தில் ஒரு பைண்ட், பெரிய கிளாஸ் நிறைய, வாங்கி, முகர்ந்து, கண்ணை மூடிக் குடித்தார்.

"ஆஹா! இதுதான் பீர். இது மாதிரி இன்னொருத்தன் காய்ச்சட்டும் பாப்போம்."

பிறகு எதிரியை அறிந்துகொள்ள ஆறில் ஒரு வாய் வாங்கிக் குடித்து, உடனே கண்ணாடிக் கோப்பைக்குள்ளேயே துப்பினார். "பாத்திரம் கழுவின தண்ணி."

நான்கு பைண்ட் முடிந்ததும் அறுபத்தேழு வயது வயிறு கையை விரித்துவிட்டது. பீப்பாயில் இன்னும் எண்பது பைண்டாவது இருந்திருக்கும்.

புதன்கிழமை, சிங்கி இறால் படகிலிருந்து புரூனோவும் மூன்று பேரும் வந்தபோது நெவில் கையைத் தூக்கினார். "இன்னைக்கு என் ரவுண்டு! மரீனா, அஞ்சுல அஞ்சு!"

நால்வரும் குடித்தார்கள். புரூனோ உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"தப்பா நெனக்காத நெவ். இதுக்கு ஆறு தேவல. அதுல ஒரு பழைய வாசனை இருக்கு. எங்கப்பன் உன் பீரைத்தான குடிப்பான்? அவன் சட்டை அப்படித்தான் மணக்கும்."

"திருட்டுப் பசங்க!" என்றார் நெவில். "வாசனையையும் திருடிட்டானுங்க. சரி, நான் கெளம்பறேன்."

"எங்க கெளம்பற? வாங்கிக் குடுத்துட்டு ஓடிட்டா நாங்க மனுஷங்களா? உக்காரு மச்சான். இது என் ரவுண்டு. மரீனா, ஆறுல அஞ்சு!"

ரவுண்டு வாங்கிக் கொடுத்தவன், மற்றவர்கள் பதிலுக்கு வாங்கித் தருவதற்குள் எழுந்து போனால் அந்தக் கரையில் அதற்கு மன்னிப்பு கிடையாது. புரூனோவுக்குப் பின் மற்ற மூவரும் தங்கள் ரவுண்டை வாங்கினார்கள். ஐந்தாம் குழாயில் ஐந்து பைண்ட் போயிருந்தது. ஆறாம் குழாயில் இருபது. அதில் நான்கு நெவிலுக்குள் இருந்தது. லொரெய்ன் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

"எதிரியோட பீரைக் குடிச்சே காலி பண்ற. நல்ல திட்டம்."

"நாளைக்கு உன் பந்துருட்டும் சங்கத்தைக் கூட்டிட்டு வா," என்று கெஞ்சினார் நெவில்.

வியாழக்கிழமை மதியம் வெள்ளைத் தொப்பியோடு எட்டுப் பெண்கள் வந்தார்கள். முதலாமவர், "அந்த மீன்காரங்க எதைக் குடிக்கறாங்களோ அது," என்றார். மற்ற ஆறு பேரும் அதையே கேட்டார்கள். லொரெய்ன் மட்டும் கட்டிய புருஷனுக்காக ஐந்தைக் குடித்தார்.

"நெவ், இந்தத் தடவை நல்லா வந்திருக்கே."

"எந்தத் தடவை நல்லா இல்ல?"

"முப்பத்தஞ்சு வருஷமா தொண்டையில ஒரு முள்ளு நிக்கும். இன்னைக்கு இல்ல."

"புது அறுவடை ஹாப்ஸ்," என்றார் நெவில் பெருமையோடு. பிறகு, பக்கத்து மேசைகளுக்கும் கேட்கட்டுமென்று குரலை உயர்த்தினார். "ஆறுல வர்றத நத்தைகூடத் தொடாது!"

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் விளம்பர அட்டைகள், முழங்கையில் மூன்று முழங்கைகள் பச்சை குத்தியிருந்தாள். அந்தப் புது ஆலையில் பீர் காய்ச்சுபவள், ஜாரா.

"நெவ், உங்க பீரைக் குடிச்சுட்டுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்," என்றாள்.

"வந்து என்னத்த செஞ்ச? என் பீரைக் குட்டையில முக்கி விக்கற."

"அப்படியா? கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தா எது யாருதுன்னு சொல்லிடுவீங்களா?"

லொரெய்ன் தலையை இடவலமாக அசைத்தார். நெவில் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சொல்றேன். என் பீர் எனக்குத் தெரியலைன்னா, அஞ்சாம் குழாயை நானே கழட்டிக் குடுத்துடறேன்."

வெள்ளி பதினொன்றரைக்கு உட்கார இடமில்லை. சங்கத்துப் பெண்கள் கழுத்துத் துணிகளைக் கொடுத்தார்கள். மரீனா இருவர் கண்ணையும் கட்டி, ஆளுக்கு ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று என இரண்டு கிளாஸ் வைத்தார்.

நெவில் முதல் கிளாஸை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். இரண்டாவதைக் குடித்ததும் முகம் மலர்ந்தது. "பெத்தவனுக்குத் தெரியாதா புள்ளைய? இது என்னோடது."

"அஞ்சு!" என்று அறிவித்தார் மரீனா. கைதட்டலில் கண்ணாடிகள் அதிர்ந்தன.

ஜாரா இரண்டையும் நிதானமாகச் சுவைத்தாள். "முதல் கிளாஸ்தான் என் பீர். இதுல ஒரு வாழ்க்கை இருக்கு."

"ஆறு! ரெண்டு பேரும் சரி."

கட்டவிழ்த்த நெவில் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். "மரீனா, பீப்பாய்?"

"அஞ்சு இன்னும் ஊத்திட்டேதான் இருக்கு, நெவ். நாக்கு ஜெயிச்சாலும் பீப்பாய் தோத்துடுச்சு. மன்னிச்சுக்க."

"ஒரு கிளாஸ் குடிச்சு ஆத்திக்க," என்று புரூனோ அவர் தோளைத் தட்டினான். "மரீனா, ஆறுல ரெண்டு!"

மரீனா ஆறாம் பிடியை இழுத்தார். குழாய் இருமியது, நுரையைத் துப்பியது, நின்றுவிட்டது.

"கொலீன்! ஆறு காலி. மாத்து!"

கொலீன் பீப்பாய்கள் இருக்கும் குளிர் அறைக்குள் போனார். போனவர் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து, கையுறையைக் கழற்றியபடி கதவருகில் வந்து நின்றார்.

"மரீனா, ஆறு காலிதான். ஆனா காலியா இருக்கறது நெவ்வோட பீப்பாய். திங்கக்கிழமை கழுவிட்டு ரெண்டையும் மாத்தி மாட்டிட்டேன் போல. ரெண்டு பெரிய மனுஷங்க குடிச்சுப் பாத்தீங்களே, ஒருத்தருக்குமா தெரியல?"

பன்னிரண்டு மணிக்கு மரீனா தீர்ப்புச் சொன்னார். நெவிலின் பீப்பாய் சொன்ன நேரத்துக்குள் காலியானதால், குழாய் உண்டு. அவர் தன் பீரை அடையாளம் காணாததால், அது ஐந்தாம் குழாய் இல்லை, ஆறாம் குழாய். பீர் பெயர் எழுதிய பிடிகள் இரண்டும் இடம் மாற்றித் திருகப்பட்டன. மஞ்சள் சீட்டு கிழிக்கப்பட்டது.

திங்கட்கிழமை மீனவர்கள் வந்து ஆறு கேட்டார்கள். நெவில் ஐந்து கேட்டார்.